கல்லீரல் நெட் கட்டிக்கு கேலியம்-68 டோட்டா ஸ்கேன்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது

கல்லீரல் கட்டியின் பயாப்ஸி (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) அறிக்கையில் 'நியூரோஎண்டோகிரைன்', அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் பிறந்த கட்டி, சுருக்கமாக 'நெட்', என்ற சொல் வந்துவிட்டால், அடுத்த சீட்டில் அனேகமாக இந்த ஸ்கேனின் பெயர்தான் இருக்கும். டோட்டாடேட், டோட்டாடாக், டோட்டாநாக் என்று மையத்துக்கு மையம் பெயர் மாறும். பேச்சில் எல்லாமே 'டோட்டா ஸ்கேன்'தான். கல்லீரல் நெட் கட்டியைக் கண்டறியும் வேலையில் இந்தப் பரிசோதனை எவ்வளவு உதவும், அதை எப்படிச் செய்துகொண்டால் முழுப் பயன் கிடைக்கும், எந்த இடத்தில் அதை நம்பக் கூடாது என்பதே இந்த மதிப்புரை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கல்லீரலுக்கு வெளியே தேடுவதற்கு இதற்கு இணையான படம் இன்றைக்கு வேறில்லை. கல்லீரலுக்கு உள்ளே எத்தனை கட்டி என்று எண்ணுவதற்கு இதைவிட நல்ல படம் இருக்கிறது. கட்டி என்ன வகை, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்ற கேள்விக்கு இந்த ஸ்கேன் பதிலே சொல்லாது. அதைப் பயாப்ஸி ஊசிதான் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பல மாதங்கள் வீணாகின்றன.

ஏன் வெளியே தேட வேண்டும்? கல்லீரலில் காணப்படும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை அங்கே பிறந்தவை அல்ல. சிறுகுடல், கணையம், மலக்குடல், நுரையீரல் என்று வேறெங்கோ தோன்றி, ரத்தத்தின் வழியே வந்து தங்கியவை. கல்லீரலிலேயே பிறக்கும் முதன்மைக் கட்டியை எட்மண்ட்சன் 1958இல் முதன்முதலாக விவரித்தார். மொத்த நெட் கட்டிகளில் அதன் பங்கு சுமார் 0.3 சதவீதம் என்றே மருத்துவ நூல்கள் சொல்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே 'இது கல்லீரலிலேயே பிறந்தது' என்று சொல்ல ஒரே வழி, மற்ற இடங்களை எல்லாம் தேடி, இல்லை என்று உறுதி செய்வதுதான். கல்லீரல் கட்டிக்கு எடுக்கும் ஸ்கேனின் முக்கிய வேலை கல்லீரலுக்கு வெளியே இருப்பது இதனால்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. நன்கு முதிர்ந்த நெட் செல்களின் மேற்பரப்பில் சோமாடோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகள் நிறைய இருக்கும், குறிப்பாக இரண்டாம் வகை ஏற்பி. அதில் போய் ஒட்டிக்கொள்ளும் சிறிய பெப்டைடை, 'டோட்டா' என்ற இணைப்பு மூலக்கூறு வழியாகக் கேலியம்-68 கதிரியக்க அணுவோடு கட்டி, நரம்பு ஊசியாகச் செலுத்துவார்கள். அது போய்த் தங்கும் இடம் பெட் ஸ்கேன் படத்தில் ஒளிரும்; கூடவே இடம் காட்ட ஒரு சிடியும் எடுப்பார்கள். டோட்டாடேட் இரண்டாம் வகை ஏற்பியையே இறுகப் பிடிக்கும். டோட்டாடாக் ஐந்தாம் வகையையும், டோட்டாநாக் மூன்றாம், ஐந்தாம் வகைகளையும் சேர்த்துப் பிடிக்கும். நடைமுறையில் மூன்றில் எது கிடைத்தாலும் நோயைக் கண்டறியப் போதும். ஆனால் ஒருமுறை ஒன்று, மறுமுறை இன்னொன்று என்று மாற்றினால் அளவுகளை ஒப்பிட முடியாது. முதல்முறை எது என்று குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

கேலியம்-68இன் அரைவாழ்வு 68 நிமிடம். தயாரித்து 68 நிமிடத்தில் பாதி போய்விடும், 136 நிமிடத்தில் கால் பங்குதான் மிஞ்சும். அதனால்தான் பெரும்பாலான மையங்கள் ஜெர்மானியம்-68 சிதைந்து கேலியம்-68 தரும் ஜெனரேட்டரைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அன்றன்றைக்கு மருந்தைத் தயாரிக்கின்றன. ஜெர்மானியத்தின் அரைவாழ்வு 271 நாள். ஜெனரேட்டர் பழசாக ஆக, ஒரு தடவைக்குக் கிடைக்கும் கேலியத்தின் அளவும் குறைந்துகொண்டே வரும். பழைய ஜெனரேட்டர் உள்ள மையத்தில் ஒரு நாளில் சிலருக்குத்தான் மருந்து போதும். கடைசியாக வருபவருக்கு ஊசியளவு குறைந்து படம் புள்ளிபுள்ளியாக வரலாம். நேரம் ஒதுக்கும்போதே 'எனக்கு எத்தனை மெகாபெக்கரல் (கதிரியக்க அளவின் அலகு) போடுவீர்கள்' என்று கேட்பதில் தவறே இல்லை. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு எடையில் கிலோவுக்கு 2 மெகாபெக்கரல், உச்ச அளவு 200. அதாவது 60 கிலோ உள்ளவருக்குச் சுமார் 120. போட்ட அளவும் போட்ட நேரமும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

டோட்டாடேட் கிட்டுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் ஒப்புதல் தந்தது. 2020இல் அதே டோட்டாடேட்டைத் தாமிரம்-64 அணுவோடு இணைத்த வடிவமும் வந்தது. அதன் அரைவாழ்வு சுமார் 12.7 மணி நேரம் என்பதால் தொலைவில் தயாரித்து அனுப்பலாம், நேர நெருக்கடி இல்லை. இதற்கெல்லாம் முன்பு இருந்தது இண்டியம்-111 ஆக்ட்ரியோஸ்கேன். முதல் நாள் ஊசி, 4 மணி நேரத்தில் ஒரு படம், 24 மணி நேரத்தில் இன்னொரு படம், நடுவில் குடல் சுத்தம் செய்ய மலமிளக்கி, இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டி எளிதில் தப்பிவிடும். டோட்டா ஸ்கேன் கிடைக்கும் தூரத்தில் இருந்தால், பழையதைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

பயாப்ஸி ஊசிக்கு முன் ஸ்கேனா, ஸ்கேனுக்கு முன் பயாப்ஸி ஊசியா?

பெரும்பாலும் ஊசிதான் முன்னால். கல்லீரலில் ஒரு கட்டி, கான்ட்ராஸ்ட் மருந்து போட்டு எடுத்த படத்தின் தமனி ரத்த ஓட்டக் கட்டத்தில் பளிச்சென்று மின்னுகிறது என்ற உடனேயே 'கல்லீரல் செல் புற்றுநோய்' என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. கல்லீரல் சுருக்கம் அல்லது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு, படத்தின் சில கறாரான அடையாளங்கள் இருந்தால், பயாப்ஸி இல்லாமலே அப்படிச் சொல்ல, கல்லீரல் படங்களை மதிப்பிடும் லை-ராட்ஸ் விதிகள் இடம் தருகின்றன. ஆரோக்கியமான கல்லீரலில் அந்த விதி பொருந்தாது. நெட் கட்டியும் தமனிக் கட்டத்தில் அதேபோல மின்னும், பின்னர் மங்கவும் செய்யும். நடுவில் நீர்கோத்த நெட் கட்டி சாதாரண நீர்க்கட்டி போலவோ, ஒட்டுண்ணிக் கட்டி போலவோ தோன்றும். ஒரே சீராக மின்னும் சிறிய கட்டி, ரத்தக்குழாய்க் கட்டி என்று ஒதுக்கப்படும். ஏஎஃப்பி, சிஇஏ, சிஏ19-9 என்ற ரத்தப் புற்றுக் குறியீடுகள் எல்லாம் இயல்பாக இருந்து, கல்லீரலிலும் சுருக்கம் இல்லை, ஆனால் மின்னும் கட்டி பெரிதாக இருக்கிறது என்றால் நெட் கட்டியை நினைத்தே ஆக வேண்டும்.

ஊசி என்றால் திசுவைத் துண்டாக எடுக்கும் ட்ரூகட் ஊசி. எஃப்என்ஏசி என்ற மெல்லிய ஊசியில் வரும் சிதறிய செல்களை வைத்து 'நியூரோஎண்டோகிரைன்' என்ற பெயர் வரைக்கும் போகலாம்; தரம் சொல்ல முடியாது. 16 அல்லது 18 கேஜ் ஊசியில் இரண்டு மூன்று துண்டுகள், இயல்பான கல்லீரல் திசுவைக் கடந்து கட்டிக்குள் போகும் பாதையில், நடுவில் அழுகிய பகுதியைத் தவிர்த்து உயிருள்ள ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். நேரடியாகக் கட்டியின் மேற்பரப்பில் குத்தினால் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடுதல், ஏனென்றால் இவை ரத்த ஓட்டம் மிகுந்த கட்டிகள். முகம் சிவந்து போவது, தண்ணீராக வயிற்றுப்போக்கு போன்ற ஹார்மோன் அறிகுறிகள் இருப்பவருக்கு, ஊசி குத்தும்போது ரத்த அழுத்தம் திடீரென்று தடுமாறும் அபாயம் உண்டு. அந்த ஹார்மோன்களை அடக்கும் ஆக்ட்ரியோடைடு மருந்து தயாராக இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். எடுத்த துண்டு உடனே 10 சதவீத ஃபார்மலினில் போக வேண்டும். காய்ந்து போனாலோ, இடுக்கியில் நசுங்கினாலோ, செல்லின் உட்கரு சிதைந்து, சாதுவான கட்டிகூட மோசமான சிறுசெல் புற்றுநோய் போலத் தெரியும்.

நோயியல் அறிக்கையில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, இது நெட் கட்டிதானா என்பது. சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் இரண்டு சாயங்களும் ஏறியிருக்க வேண்டும். ஐஎன்எஸ்எம்1 கூட இருந்தால் இன்னும் உறுதி. சிடி56 மட்டும் ஏறியிருக்கிறது என்றால் அதை நம்பி முடிவு செய்யக் கூடாது. பித்தநாளப் புற்றுநோயிலும் அது ஏறும். கூடவே ஹெப்பார்-1, ஆர்ஜினேஸ்-1 போட்டுக் கல்லீரல் செல் புற்றுநோய் இல்லை என்று விலக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்பதற்கும் சில சாயங்கள் குறிப்புத் தரும்: சிடிஎக்ஸ்2 ஏறினால் சிறுகுடல் பக்கம், டிடிஎஃப்-1 ஏறினால் நுரையீரல் பக்கம், ஐஸ்லெட்-1 ஏறினால் கணையம் பக்கம். இவை திசைகாட்டிகள்தான், தீர்ப்புகள் அல்ல.

இரண்டாவது பகுதி கேஐ-67. பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் உட்கரு இந்தச் சாயத்தில் பழுப்பாகத் தெரியும். 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி 3 சதவீதத்துக்குக் கீழே என்றால் முதல் தரம், 3 முதல் 20 வரை இரண்டாம் தரம், 20க்கு மேல் மூன்றாம் தரம். எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பழுப்பு மிகுந்த இடத்தைத் தேர்ந்து குறைந்தது 500 செல்களை எண்ண வேண்டும். 500இல் 14 பழுப்பு என்றால் 2.8 சதவீதம், முதல் தரம். 15 என்றால் 3 சதவீதம், இரண்டாம் தரம். ஒரே ஒரு உட்கரு! நடுவில் புகுந்த லிம்போசைட் (வெள்ளணு) ஒன்றைக் கட்டி செல் என்று எண்ணிவிட்டால் தரம் மாறிவிடும். 'பார்வை மதிப்பீட்டில் சுமார் 5 சதவீதம்' என்று எழுதுவதைவிட, படம் எடுத்து அச்சிட்டுப் பேனாவால் குறித்து எண்ணுவது எவ்வளவோ மேல். அறிக்கையில் எண்ணிய செல்களின் எண்ணிக்கை இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும்.

20 சதவீதத்துக்கு மேல் போனால் இன்னொரு கேள்வி முளைக்கும். செல்கள் ஒழுங்காக முதிர்ந்த மூன்றாம் தர நெட் கட்டியா, முதிராத நியூரோஎண்டோகிரைன் கார்சினோமாவா? இரண்டும் வேறு நோய்கள், சிகிச்சையும் வேறு. பி53 புரதத்தின் இயல்பு மாறியிருப்பதும் ஆர்பி புரதம் காணாமல் போயிருப்பதும் கார்சினோமா பக்கம் கைகாட்டும். டோட்டா ஸ்கேன் பயன்படுமா என்பதும் இந்தப் பதிலைப் பொறுத்ததுதான்.

ஸ்கேன் நாள்

தயாரிப்பு மிகவும் குறைவு. எஃப்டிஜி பெட் (கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியாகப் போட்டு எடுக்கும் ஸ்கேன்) போல ரத்தச் சர்க்கரை அளவு பார்க்க வேண்டியதில்லை, பட்டினியும் கட்டாயமில்லை. சிடியோடு கான்ட்ராஸ்ட் மருந்து தருவதாக இருந்தால் மட்டும் மையம் சொல்லும் நேரம் வரை சாப்பிடாமல் இருக்க வேண்டும், கிரியாட்டினின் அறிக்கையும் கையில் வேண்டும். முந்தைய நாளிலிருந்தே நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். படத்துக்கு முன் கட்டாயம் சிறுநீர் கழிக்க வேண்டும், இல்லையென்றால் மூத்திரப்பை பளபளத்து இடுப்புப் பகுதியை மறைத்துவிடும். மலக்குடல் கட்டி தப்புவதற்கு இது ஒரு வழி. கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் கேலியம் ஊசிக்குப் பிறகு 12 மணி நேரம் நிறுத்தி, அந்தப் பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும்.

ஆக்ட்ரியோடைடு போட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் அதிகக் குழப்பம். அதுவும் இதே ஏற்பியில்தான் ஒட்டும். சிறிய ஊசியாகப் போடுவதை 24 மணி நேரத்துக்கு முன் நிறுத்தினால் போதும். மாதம் ஒருமுறை போடும் நீண்டகால ஊசியென்றால், அடுத்த ஊசிக்குச் சற்று முந்தைய நாட்களில் ஸ்கேனை வைத்துக்கொள்வது வழக்கம். அறிகுறி கடுமையாக உள்ளவர் ஸ்கேனுக்காக மருந்தையே விட்டுவிடத் தேவையில்லை. மருந்து உடலில் இருந்தால் மண்ணீரல், கல்லீரலின் ஒளி குறையுமே தவிர, கட்டியின் ஒளி பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் ஒரு ஸ்கேனை மருந்தின் நடுவிலும் அடுத்ததை மருந்து தீர்ந்த பிறகும் எடுத்தால், 'கட்டி மங்கிவிட்டது, கூடிவிட்டது' என்ற பொய்க்கணக்குகள் வரும். கடைசி ஊசி போட்ட தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

ஊசி போட்ட பிறகு 40 முதல் 90 நிமிடம் காத்திருப்பு, சுமார் அரை மணி நேரம் படம். மண்டை ஓட்டின் அடியிலிருந்து தொடை நடுவரை எடுப்பார்கள். தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. சிடி சில நொடிகளில் முடிந்துவிடும்; பெட் படம் நிமிடக்கணக்கில், நாம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்கப்படுவது. சிடியின்போது ஆழ்ந்து மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால் கல்லீரல் கீழே இறங்கிவிடும். பிறகு இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைக்கும்போது, கல்லீரலின் உச்சிக் குவிமாடத்தில் இருக்கும் கட்டி நுரையீரலின் அடியில் இருப்பதுபோல் தெரியும். 'நுரையீரலில் 8 மில்லிமீட்டர் கட்டி' என்று அறிக்கை வந்து, தனியே எடுத்த மார்புச் சிடியில் அங்கே ஒன்றுமே இல்லையென்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிடியின்போதும் இயல்பாக, மெல்ல மூச்சு விடச் சொல்லும் மையம் வேலை தெரிந்த மையம்.

படத்தைப் படிப்பது

இயல்பிலேயே மண்ணீரல், சிறுநீரகம், அட்ரினல், பிட்யூட்டரி, உமிழ்நீர்ச் சுரப்பி, கல்லீரல் எல்லாம் ஒளிரும். மண்ணீரல்தான் இருப்பதிலேயே பிரகாசமானவற்றில் ஒன்று. கட்டியின் ஒளியை 0 முதல் 4 வரை கிரென்னிங் அளவில் மதிப்பிடுவார்கள். 2 என்றால் கல்லீரலின் ஒளிக்குச் சமம் அல்லது குறைவு, 3 என்றால் கல்லீரலைவிட அதிகம், 4 என்றால் மண்ணீரலையும் மிஞ்சியது. பின்னால், இதே ஏற்பி வழியாகக் கட்டிக்குள் கதிர்வீச்சைச் செலுத்தும் லூட்டீசியம்-177 டோட்டாடேட் சிகிச்சை பலிக்குமா என்பதற்கும் இந்த எண்ணே முதல் குறிப்பு.

இந்த ஸ்கேனின் ஆகப் பெரிய குறையும் இங்கேதான் இருக்கிறது. கட்டியை அளக்கும் கோலே கல்லீரலின் ஒளி. அப்படியென்றால் கல்லீரலுக்குள் இருக்கும் சிறிய கட்டி அந்தப் பின்னணி ஒளியில் கரைந்துபோகும். சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டிகள் பெட் படத்தில் தெரியாமல், எம்ஆர்ஐயில் வரிசையாக நிற்பது அடிக்கடி நடப்பதுதான். படத்தைத் திரையில் எந்த அளவுக்குக் கறுப்பாக வைத்துப் பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம். உடல் முழுவதையும் தேடுவதற்காகக் கறுப்பைக் கூட்டி வைத்தால் கல்லீரல் முழுக்க ஒரே கறுப்புத் திட்டாகிவிடும், உள்ளே பத்துக் கட்டி இருந்தாலும் கண்ணில் படாது. கல்லீரல் மங்கலான சாம்பல் நிறத்துக்கு வரும்வரை அளவை மாற்றி, மறுபடி ஒருமுறை கல்லீரலை மட்டும் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் ஒளிந்திருப்பவை ஒவ்வொன்றாக வெளியே வரும். அச்சிட்டுத் தரும் தாளில் இந்த வேலை முடியாது.

ஆகவே கல்லீரலுக்குள் எண்ண வேண்டுமென்றால், அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு இருந்தால் கட்டாயமாக, கேடாக்ஸெட்டேட் கான்ட்ராஸ்ட் போட்ட எம்ஆர்ஐ வேண்டும். இயல்பான கல்லீரல் செல்கள் இந்த மருந்தை உறிஞ்சி, சுமார் 20 நிமிடத்தில் வெண்மையாக ஒளிரும். நெட் கட்டிக்கு அந்தத் திறன் இல்லாததால் கறுப்புப் பொட்டாக நிற்கும். கூடவே, திசுவில் நீர் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் என்ற எம்ஆர்ஐ வரிசையும் எடுத்தால் மிகச் சிறியவையும் தப்பாது. டோட்டா ஸ்கேனில் 'கல்லீரலில் ஒரே ஒரு கட்டி' என்று வந்ததை மட்டும் வைத்துக் கல்லீரலின் பாதியை வெட்டி எடுக்கப் புறப்படுவது ஆபத்தான அவசரம்.

பொய்யாக ஒளிர்பவையும் உண்டு. கணையத்தின் அடிப்பகுதியில் உள்ள கொக்கி போன்ற பகுதி பலருக்கு இயல்பாகவே ஒளிரும். அதை முதன்மைக் கட்டி என்று முடிவுகட்டி அறுவை வரை போவதைத் தடுக்க, கணைய எம்ஆர்ஐ அல்லது எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் ஒன்று குறுக்கே நிற்க வேண்டும். கணைய வாலில் பதுங்கிய துணை மண்ணீரல் அச்சு அசலாக நெட் கட்டி போலவே மின்னும். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களின் வயிற்றில் சிதறிய மண்ணீரல் துணுக்குகளும் அப்படியே. முதுகெலும்பின் ரத்தக்குழாய்க் கட்டி, ஆறிக்கொண்டிருக்கும் எலும்பு முறிவு, மூளை உறையின் மெனிஞ்சியோமா, அழற்சி கண்ட நிணநீர் முடிச்சு எல்லாமே ஓரளவு ஒளிரும். மண்ணீரல் எடுத்தவரா, சமீபத்தில் விழுந்து அடிபட்டாரா என்பதைப் படம் படிப்பவரிடம் யாராவது சொல்ல வேண்டும்.

ஒளிரவில்லை என்றால்?

ஒளியில்லை என்பதால் கட்டியில்லை என்று ஆகாது. ஏற்பி இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். முதிராத கார்சினோமாவிலும், மூன்றாம் தரக் கட்டிகள் சிலவற்றிலும், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டியான இன்சுலினோமாவிலும் இரண்டாம் வகை ஏற்பி குறைவு. அங்கே எஃப்டிஜி பெட்தான் பேசும், ஏனென்றால் வேகமாக வளரும் செல் சர்க்கரையை வாரி விழுங்கும். இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிடைக்கும் தகவல் மிகவும் மதிப்புள்ளது. ஒரே கல்லீரலில் சில கட்டிகள் டோட்டாவில் ஒளிர்ந்து எஃப்டிஜியில் அடங்கியிருக்கும், வேறு சில நேர்மாறாக இருக்கும். முதல் பயாப்ஸி அடங்கிய கட்டியில் எடுக்கப்பட்டிருந்தால், கேஐ-67 5 சதவீதம் என்று வந்த அறிக்கை அந்த மனிதரின் நோயை முழுதாகச் சொல்லவில்லை. எஃப்டிஜியில் எரியும் கட்டியில் மறுபடி ஊசி போட வேண்டும். இரண்டாம் தரத்தின் மேல் பாதியிலிருந்து எஃப்டிஜியும் சேர்த்து எடுப்பது நல்லது என்பதே எங்கள் கருத்து. முதல் தரத்தில், படமும் அறிகுறியும் ஒத்துப்போனால், தேவையில்லை.

ரத்தப் பரிசோதனைகளைப் பற்றிச் சுருக்கமாக. நெட் செல்கள் ரத்தத்தில் விடும் குரோமோகிரானின் ஏ என்ற புரதத்தின் அளவு எளிதில் ஏமாற்றும். ஒமெப்ரசோல், பான்டொப்ரசோல் போன்ற அமில மாத்திரை போட்டுக்கொள்பவருக்குக் கட்டியே இல்லாமல் பல மடங்கு ஏறும். சிறுநீரகக் கோளாறிலும், இரைப்பைச் சுவர் மெலிந்தவர்களுக்கும், இதயச் செயலிழப்பிலும் ஏறும். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மாத்திரையைக் குறைந்தது இரண்டு வாரம் நிறுத்திவிட்டுக் கொடுக்காத ரத்தத்தின் எண்ணைக் கண்டு பயப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம்.

24 மணி நேரச் சிறுநீரில் பார்க்கும் 5-ஹெச்ஐஏஏ (செரோட்டோனின் ஹார்மோன் சிதைந்து வரும் பொருள்) இதைவிட நம்பகமானது, ஒழுங்காகச் சேகரித்தால். மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய், கிவி, அவகாடோ, வால்நட் தவிர்க்க வேண்டும். பாரசிட்டமாலும், இருமல் மருந்தில் வரும் குவைஃபெனசினும்கூட அளவைக் குழப்பும். முதல் நாள் காலை எழுந்ததும் கழிக்கும் சிறுநீரைக் கொட்டிவிட்டு, அப்போதிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர் உட்பட எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும். டப்பாவில் ஆய்வகம் ஊற்றித் தரும் அமிலத்தைக் கழுவிவிடக் கூடாது, அதுதான் சிதையாமல் காப்பது. குடலில் இருந்து வரும் செரோட்டோனினைக் கல்லீரல் உடைத்துவிடும். கல்லீரலுக்கே பரவிய பிறகுதான் அது நேராகப் பொது ரத்த ஓட்டத்தில் கலந்து, முகம் சிவத்தல் போன்ற அறிகுறிகளை உண்டாக்கும். கல்லீரலில் பிறந்த முதன்மைக் கட்டியில் இந்த அறிகுறிகள் அரிது. அறிகுறி பலமாக இருந்தால், குடலில் முதன்மைக் கட்டி ஒளிந்திருக்கிறது என்று எண்ணித் தேடலைத் தீவிரப்படுத்த வேண்டும். இதய வால்வையும் எக்கோவில் பார்த்துவிட வேண்டும்.

ஸ்கேன் வெளியே எதையும் காட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். 'முதன்மைக் கல்லீரல் நெட்' என்று எழுதிவிடலாமா? இன்னும் இல்லை. சிறுகுடல் கட்டி ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிதாக இருந்துகொண்டே கல்லீரலை நிரப்பிவிடும் சாமர்த்தியம் உள்ளது. மார்புச் சிடி, மேல் எண்டோஸ்கோபி, சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள் நுழைந்து பார்த்த கொலோனோஸ்கோபி, குடலை நீரால் விரித்து எடுத்த சிடி, கணையத்துக்கு எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கொலோனோஸ்கோபி அறிக்கையில் 'சிக்கம் (பெருங்குடலின் தொடக்கம்) வரை' என்று மட்டும் இருந்தால், சிறுகுடலின் வாசலில் நின்று திரும்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சிடியில் குடல் மடிப்பின் நடுவே, சுற்றிலும் கோடுகள் இழுத்துக்கொண்டு நிற்கும் சுண்ணாம்பு படிந்த முடிச்சு தெரிந்தால், முதன்மைக் கட்டி பக்கத்துக் குடலில்தான் இருக்கும், ஸ்கேன் அதைக் காட்டாவிட்டாலும். அறுவை சிகிச்சை நடந்தால் அறுவை நிபுணர் குடலை முழுநீளமும் விரல்களுக்கிடையே உருட்டிப் பார்ப்பது இன்றைக்கும் எந்தக் கருவிக்கும் சளைக்காத சோதனை. இவ்வளவும் செய்து ஒன்றும் கிடைக்காமல் போனாலும், அந்தப் பெயர் தற்காலிகமானதே. ஆண்டுகள் கழித்து வேறிடத்தில் மூலக் கட்டி தலைகாட்டியிருக்கிறது. ஆகவே கல்லீரல் கட்டியை எடுத்த பிறகும் தேடல் தொடர வேண்டும்.

யாருக்குப் பரிந்துரைப்போம்? பயாப்ஸியில் முதல், இரண்டாம் தர நெட் என்று உறுதியான எல்லோருக்கும் தயங்காமல். மூன்றாம் தர நெட்டுக்கு எஃப்டிஜியோடு சேர்த்து. முதிராத கார்சினோமாவுக்கு எஃப்டிஜி முதலில். பயாப்ஸி செய்யாமல், 'என்ன கட்டி என்று ஸ்கேன் சொல்லிவிடும்' என்ற நம்பிக்கையில் வருபவருக்குப் பரிந்துரைக்க மாட்டோம். ஊசி போட முடியாத இடத்தில் கட்டி இருந்தால் மட்டும் அதற்கு விலக்கு.

அறிக்கையை வாங்கும்போது மையத்தின் வாசலிலேயே சரிபாருங்கள்: எந்தப் பெப்டைடு, எவ்வளவு அளவு, ஊசிக்கும் படத்துக்கும் நடுவே எத்தனை நிமிடம், கடைசி ஆக்ட்ரியோடைடு தேதி, ஒவ்வொரு கட்டிக்கும் கிரென்னிங் எண், கல்லீரலிலும் மண்ணீரலிலும் அளந்த ஒளி. தாளில் அச்சிட்ட படம் எதற்கும் உதவாது. டைகாம் கோப்புகள் (ஸ்கேனின் மூல டிஜிட்டல் படங்கள்) உள்ள குறுந்தகட்டையோ பென் டிரைவையோ கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்ததும் கணினியில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். அடுத்த ஸ்கேனை ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வேறொருவர் படிக்கும்போது, அவர் கேட்கப்போகும் முதல் பொருள் அதுதான்.